மெல்ல வைத்தால் உடையாது



நம் தோட்டங்களில் இருந்தும், தோட்டம் விற்றுப்போன பிறகு குடியேறிய தாமான்களில் இருந்தும், விடியுமுன் தொழிற்சாலை பஸ் ஏறிப் போகும் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்கள் உள்ளே போய் என்ன செய்கிறார்கள் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. "எலெக்ட்ரோனிக் கம்பெனியில் வேலை" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன். என் தங்கை மகளுக்கு வந்த ஒரு கடிதம்தான் என்னைக் கேட்க வைத்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கெடாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகள் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு எச்சரிக்கைக் கடிதம்.

"மாமா, போர்டை நான் கையால வளைச்சு ஒடச்சுட்டேன்னு எழுதியிருக்காங்க. இன்னொரு லெட்டர் வந்தா வேலை போயிடும். நான் அப்படிச் செய்யவே இல்லை மாமா."

அவள் சம்பளத்தில்தான் தம்பியின் படிப்பு நடந்துகொண்டிருந்தது. தங்கை ஒன்றும் பேசாமல் அடுப்படியில் நின்றாள். நானோ ரேடியோவும் டெலிவிஷனும் பழுது பார்த்துப் பிழைத்தவன். கடிதத்தை மடித்து வைக்கச் சொல்லிவிட்டு, "உன் இயந்திரம் என்ன செய்கிறது, முதலிலிருந்து சொல்" என்றேன். அவள் சொன்னதையும், அதன் பிறகு நான் விசாரித்துப் படித்ததையும்தான் இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

உப்புக்கல் அளவு சாமான்

உங்கள் கைத்தொலைபேசியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு பச்சைப் பலகை இருக்கும். அதன் மேல் பொட்டுப் பொட்டாக எண்ணற்ற சாமான்கள் ஒட்டியிருக்கும். அவற்றில் பெரும்பாலானவை மின்சாரத்தைச் சிறிது நேரம் சேர்த்து வைத்துக் கொடுக்கும் கெப்பாசிட்டர்கள். இக்காலக் கைத்தொலைபேசி ஒன்றில் இவை மட்டுமே நூற்றுக்கணக்கில் உண்டு.

எவ்வளவு பெரியவை என்கிறீர்களா? ஒரு வகை 1 மில்லிமீட்டர் நீளமும் அரை மில்லிமீட்டர் அகலமும் உள்ளது. கடுகைவிடச் சிறியது. அதற்கும் சிறிய வகை 0.4 மில்லிமீட்டர் நீளம், 0.2 மில்லிமீட்டர் அகலம். அதை உள்ளங்கையில் வைத்தால் உப்புக்கல்லா, சாமானா என்று தெரியாது. மூச்சு விட்டால் பறந்துவிடும்.

1972-ஆம் ஆண்டில் பினாங்கு பாயான் லெப்பாசில் தடையற்ற வர்த்தக மண்டலம் தொடங்கியபோது, மலாய்க் கம்பங்களில் இருந்தும் நம் தோட்டங்களில் இருந்தும் போன இளம்பெண்கள், நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளைப் பொருத்தினார்கள். அந்தக் கண்களும் கைகளும்தான் அந்தத் தொழிலை இங்கே வேரூன்றச் செய்தன. ஆனால் இன்றைய உப்புக்கல் சாமானை, அதுவும் லட்சக்கணக்கில், கையால் வைக்க முடியாது. அதற்குத்தான் இயந்திரக் கை வந்திருக்கிறது.

அதன் வேலை இதுதான். சாமான்கள் ஒரு நீளமான நாடாவில், குழிக்கு ஒன்றாக, ரீலில் சுற்றி வரும். இயந்திரத் தலையின் நுனியில் ஊசிபோல் ஒரு மூக்கு இருக்கிறது. அது காற்றை உறிஞ்சி, சாமானைப் பற்றித் தூக்குகிறது. ஒரு காமிரா சாமான் கோணலாக இருக்கிறதா என்று பார்க்கிறது. பிறகு மூக்கு பலகையின் மேல் இறங்கி, அங்கே முன்பே தடவியிருக்கும் பற்றாசுப் பசையின் மேல் சாமானை வைத்துவிட்டு எழும்புகிறது. எல்லாம் வைத்து முடிந்ததும் பலகை அடுப்புக்குள் போகும். ஏறக்குறைய 240 டிகிரி சூட்டில் பசை உருகிச் சாமான் இறுகப் பிடித்துக்கொள்ளும்.

மணிக்கு 36,000 சாமான் வைக்கும் இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் நொடிக்குப் பத்து. நாம் கண் சிமிட்டும் நேரத்தில் இரண்டு மூன்று வைத்து முடித்துவிடும். இந்த வேகத்தில்தான் வினையும் இருக்கிறது.

வெளியே தெரியாத காயம்

கெப்பாசிட்டர் என்பது பீங்கான். மெல்லிய பீங்கான் தாள்களையும் உலோகத் தாள்களையும் மாற்றி மாற்றி, சிலவற்றில் நூற்றுக்கணக்கான அடுக்குகளாக வைத்துச் சுட்டது. நம் வீட்டுப் பீங்கான் தட்டு எப்படியோ அப்படித்தான் இதுவும். மெல்ல அழுத்தினால் தாங்கும். டக்கென்று தட்டினால் கீறல் விடும்.

அந்தக் கீறல் வெளியே தெரிந்தால் பரவாயில்லை, எடுத்து எறிந்துவிடலாம். பல சமயம் தெரியாது. சோதனையில்கூடத் தேறிவிடும். மாதங்கள் கழித்து, கீறலுக்குள் ஈரம் புகுந்து, அடுக்குக்கு அடுக்கு மின்சாரம் கசியத் தொடங்கும். ஒரு நாள் பொருள் நின்றுவிடும். நிற்பது ரேடியோ என்றால் போகட்டும், காரின் பிரேக்கோடு சேர்ந்த கருவி என்றால்?

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. வெட்டிய குலையைத் தொப்பென்று எறிந்தால், அடிபட்ட பழத்துக்குள் எண்ணெய் கெடத் தொடங்கிவிடும். எறிந்த இடத்தில் அது தெரியாது. ஆலையில் கொழுப்பு அமிலம் அளக்கும்போதுதான் தெரியும். அப்போது குற்றம் யார் தலையில் விழும் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

ஒரு சின்னக் கணக்கு

இயந்திர மூக்கு அழுத்துவது ஒன்று, மோதுவது வேறொன்று. இந்த வித்தியாசம்தான் நமக்கு முக்கியம். ஒரு கிலோ அரிசி மூட்டையைக் காலின் மேல் மெல்ல வைத்தால் வலிக்காது. அதே மூட்டை அலமாரியில் இருந்து விழுந்தால்?

இயந்திரத்தில் இறங்கும் பகுதியின் எடை 20 கிராம் என்றும், அது நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் இறங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். பசையின் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான். அந்தத் தூரத்துக்குள் அது முற்றிலும் நிற்க வேண்டும் என்றால், சராசரி விசை 25 நியூட்டன் வருகிறது. அதாவது இரண்டரைக் கிலோ எடையைத் தூக்கிக் கடுகின் மேல் வைத்தாற்போல. சாமானைப் பசையில் ஒட்டவைக்கப் பொதுவாக ஓரிரு நியூட்டன் போதும். நூறு, இருநூறு கிராம் எடை.

அப்படியானால் விசையே இல்லாமல் வைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். அதுவும் ஆகாது. போதிய அழுத்தம் இல்லாவிட்டால் சாமான் பசையில் உட்காராது; பலகை நகரும்போது சறுக்கிவிடும். அதிகமானால் பசை பிதுங்கி அடுத்த முனையோடு சேர்ந்துவிடும், இல்லையென்றால் சாமான் கீறும். மோதிய மூக்கு துள்ளினாலோ, சாமான் இடம் மாறிவிடும். அளவோடு அழுத்துவதுதான் வித்தை.

பால் வெட்டுகிறவர்களின் வித்தையும் இதேதான் அல்லவா? கத்தி மேலோட்டமாகப் போனால் பால் வராது. ஆழமாகப் போனால் மரத்தில் காயம் பட்டு, அடுத்த முறை பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். உள்ளே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டு நிறுத்துகிறவள்தான் நல்ல கைக்காரி. என் தங்கை அப்படிப்பட்டவள். இந்தக் கணக்கை நான் சொன்னபோது, "இதுக்குத்தானா இவ்வளவு இஞ்சினியர்?" என்று கேட்டாள்.

நான்கு வழிகள்

மோதலைக் குறைக்க இன்றைய இயந்திரங்களில் நான்கு வழிகளைக் கையாளுகிறார்கள்.

முதல் வழி, கடைசியில் மெதுவாக இறங்குவது. காண்டா வாளியில் பாலை நிறைத்துக்கொண்டு நிறுவைக் கொட்டகைக்கு விரைவாக நடக்கிறோம். ஆனால் தரையில் இறக்கும்போது? கடைசிச் சாணில் மெல்ல இறக்குகிறோம், இல்லாவிட்டால் பால் தளும்பிவிடும். இயந்திரமும் அப்படியே. நம் கணக்கில் வேகத்தை ஐந்தில் ஒன்றாக, அதாவது நொடிக்கு 0.1 மீட்டராகக் குறைத்தால், விசை ஐந்தில் ஒன்று ஆவதில்லை. இருபத்தைந்தில் ஒன்று ஆகிவிடுகிறது. 25 நியூட்டன் இருந்த இடத்தில் 1 நியூட்டன்! இறங்கும் தூரம் 20 மில்லிமீட்டர் என்றால், முழுத் தூரமும் மெல்ல வர 0.2 நொடி பிடிக்கும், முதலாளிக்குக் கட்டாது. கடைசி ஒரு மில்லிமீட்டர் மட்டும் மெல்ல வந்தால், கூடுதல் செலவு 0.008 நொடிதான். பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இயந்திரத்துக்கும் பொருந்துகிறது, பாருங்கள்.

இரண்டாவது வழி, மோதும் எடையைக் குறைத்து நடுவில் சுருள்வில் வைப்பது. மூக்கின் நுனி மட்டும் வில்லின் மேல் நிற்கும்படி செய்தால், முதலில் மோதுவது தலை முழுவதும் அல்ல, 2 கிராம் நுனி மட்டுமே. எடை பத்தில் ஒன்று, விசையும் பத்தில் ஒன்று. பின்னால் வரும் கனத்தை வில் மெதுவாக வாங்கிக்கொள்ளும். கம்பிச் சடக்கில் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு வில் எதற்கு இருக்கிறதோ, அதற்குத்தான் இதுவும்.

மூன்றாவது வழி, தொட்டதை உணர்வது. உங்கள் வீட்டு ரேடியோவின் ஒலிபெருக்கியைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? ஒரு காந்தம், அதற்குள் ஒரு கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு. சுருளில் மின்சாரம் கூடினால் தள்ளும் விசையும் அதே அளவு கூடும். உயர்ந்தவகை இயந்திரங்களில் மூக்கை இறக்குவதும் இதே மாதிரியான சுருள்தான். மின்சாரத்தை இவ்வளவுதான் என்று கட்டிவைத்தால், மூக்கு அதற்கு மேல் அழுத்த முடியாது. இறங்குவது தடைபட்ட கணமே "தொட்டுவிட்டோம்" என்று இயந்திரம் அறிந்துகொள்ளும். விசை அளக்கும் உணர்கருவியைத் தலையிலேயே பொருத்துவதும் உண்டு.

நான்காவது வழி, பலகைக்கு அடியில் முட்டுக்கால் கொடுப்பது. பலகை மெல்லியது. அடியில் தாங்கல் இல்லாமல் மேலே அழுத்தினால் தொய்ந்து, பிறகு எம்பும். பலகையின் இரண்டு பக்கமும் சாமான் வைப்பது உண்டு. இரண்டாவது பக்கம் வைக்கும்போது பலகை வளைந்தால், முதல் பக்கத்தில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் சாமான்கள் கீறிவிடும். ஆகவே, சாமான் இல்லாத இடமாகப் பார்த்து முட்டுக்கால் நிறுத்துவார்கள். சில இயந்திரங்கள் லேசர் ஒளியால் பலகையின் மேடு பள்ளத்தை அளந்து, அதற்கேற்ப இறங்கும்.

தழும்பு சொன்ன சாட்சி

இனி என் மருமகள் கதைக்கு வருவோம்.

அவள் வேலை இரண்டு. இயந்திரத்தில் ரீல் தீர்ந்தால் புது ரீல் மாட்டுவது ஒன்று. அடுப்பிலிருந்து வந்த பலகைகளைப் பிரித்து அடுக்குவது மற்றொன்று. பிரிக்கும்போது கையால் வளைத்தாலும் கெப்பாசிட்டர் கீறும், அது உண்மைதான். அதனால்தான் மேற்பார்வையாளர் யோசிக்காமல் அவள் மேல் எழுதிவிட்டார்.

ஆனால் இரண்டு கீறலும் ஒன்றல்ல. பலகை வளைந்து உண்டாகும் கீறல், சாமானின் அடியில், உலோக முனை முடியும் இடத்தில் தொடங்கிச் சாய்வாக மேலே ஏறும். மூக்கு மோதி உண்டாகும் கீறலோ மேல் முகத்தில் வட்டமாகவோ பிறை வடிவிலோ தழும்பு வைக்கும். மரத்தின் காயத்தைப் பார்த்து இது யார் கத்தி என்று கங்காணி சொல்வதில்லையா? அதுபோலத்தான்.

"தழும்பு எங்கே இருக்கிறது என்று யாரையாவது பார்க்கச் சொல்" என்றேன். அவள் தயங்கினாள். மறுநாள், பழுது பார்க்கும் மலாய்க்கார டெக்னீஷியன் ஒருவரிடம், "அபாங், தோலோங்" என்று கேட்டிருக்கிறாள். நல்ல மனிதர். ஓய்வு நேரத்தில் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். பார்த்த சாமான்களில் எல்லாம் மேல் முகத்தில் சின்னப் பிறை.

சரி, இயந்திரம் திடீரென்று ஏன் மோத வேண்டும்? அதற்கு விடை மருமகளின் சட்டைப் பையில் இருந்தது. அவளிடம் ஒரு துண்டு நோட்டு உண்டு. எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த ரீல் மாட்டினாள், லேபிளில் என்ன எண் என்று எழுதி வைப்பாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பால் நிறுக்கும்போது கிராணி ஒரு பக்கம் எழுத, தன் நோட்டில் மறுபக்கம் எழுதிவைக்கும் தாயைப் பார்த்து வளர்ந்தவள் அவள்.

நோட்டைப் புரட்டினார்கள். தவறுகள் தொடங்கிய நாளும், ஒரு கெப்பாசிட்டருக்குப் புது ரீல் வந்த நாளும் ஒன்றாக இருந்தன. பழையதும் புதியதும் நீளத்தில் 2 மில்லிமீட்டர், அகலத்தில் 1.25 மில்லிமீட்டர், மேலிருந்து பார்த்தால் வேற்றுமை தெரியாது. ஆனால் பழையதன் உயரம் 0.85 மில்லிமீட்டர், புதியதன் உயரம் 1.25 மில்லிமீட்டர். இயந்திரத்தில் பழைய உயரமே பதிவாகி இருந்தது. அதோடு, நாள் கணக்கில் இன்னும் சில பலகைகள் கூட வேண்டும் என்று, மெல்ல இறங்கும் தூரத்தை வெறும் 0.3 மில்லிமீட்டராகக் குறைத்தும் வைத்திருந்தார்கள். சாமான் 0.4 மில்லிமீட்டர் உயரமாகிவிட்டதால், வேகம் குறையத் தொடங்கும் முன்பே அது பலகையைத் தொட்டுவிட்டது. முழு வேகத்தில் மோதல். இருளில் படி முடிந்துவிட்டது தெரியாமல் காலை ஓங்கி ஊன்றுகிறோமே, அதுதான் நடந்தது.

உயரத்தைத் திருத்தினார்கள். மெல்ல இறங்கும் தூரத்தைக் கூட்டினார்கள். பிறைத் தழும்பு நின்றுவிட்டது.

மருமகளுக்குக் கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வருந்துகிறோம் என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. அதை அவள் பெரிதாக எண்ணவில்லை. தங்கைக்குத்தான் இன்றும் ஆறவில்லை. "அந்த நோட்டு இல்லைன்னா எம்பிள்ளை கெட்ட பேரோட வீட்டுக்கு வந்திருக்கும்" என்று இப்போதும் சொல்வாள். மருமகள் மாலை வகுப்பில் சேர்ந்து இயந்திரம் சரிசெய்யும் வேலையைப் படித்தாள். ரீல் மாட்டிக்கொண்டிருந்த பெண், அதே இயந்திரத்துக்கு உயரமும் வேகமும் பதிவு செய்யும் இடத்துக்கு வந்திருக்கிறாள்.

வாசகர்களுக்குச் சில வார்த்தைகள்

தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு மூன்று செய்திகளைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, எழுதி வையுங்கள். நாள், நேரம், எண். ஐம்பது காசு பென்சிலும் ஒரு சின்ன நோட்டும் போதும். ரகசியம் எதையும் வெளியே கொண்டு வர வேண்டாம்; தான் செய்த வேலையைத் தான் எழுதி வைப்பது தப்பாகாது.

இரண்டு, பழி வந்தால் அழுதுகொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். என்ன குற்றம், எந்தப் பொருள், எந்த நாள் என்று பணிவாகக் கேளுங்கள். நம் மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, ஒழுங்கு தவறினார் என்று ஒரு தொழிலாளியை வேலை நீக்கம் செய்வதற்கு முன் முறையான விசாரணை வேண்டும் என்கிறது. காரணமின்றி வேலை போனதாகக் கருதினால், 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும். நாள் தவறினால் வாசல் அடைபட்டுவிடும்.

மூன்று, அந்த இயந்திரத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம், அதைப் படியுங்கள். பினாங்கில் 1989-ஆம் ஆண்டு முதல் தொழில்திறன் மேம்பாட்டு நிலையம் ஒன்று நடந்து வருகிறது. மற்ற மாநிலங்களிலும் அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்கள் உண்டு. "பொம்பளைப் பிள்ளைக்கு மெஷின் படிப்பு எதுக்கு?" என்று கேட்கும் அப்பாமார்கள், தங்கள் வீட்டில் பால் மரத்தைக் காயம் படாமல் வெட்டியது யார் கை என்று ஒரு முறை நினைத்துப் பார்க்கட்டும். எவ்வளவு அழுத்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது நம் பெண்களுக்குப் புதிய பாடம் அல்ல.

இன்று மாலை உங்கள் பிள்ளை வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது, "சாப்பிட்டாயா?" என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், "இன்றைக்கு உன் இயந்திரம் என்னம்மா செய்தது?" என்றும் கேளுங்கள். அவள் சொல்லட்டும்.